அசுச்சிக் கோட்டை: கட்டடமே இல்லாத மலைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஜப்பானில் ஹிமேஜி, மட்சுமோட்டோ போன்ற கோட்டைகள் கூரையோடும் மாடியோடும் நின்றுகொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, படிக்கட்டும் கல்மதிலும் மட்டுமே மிஞ்சியிருக்கும் அசுச்சியை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? அது அவ்வளவு முக்கியமென்றால் ஒசாகாவைப் போல அதையும் ஏன் திரும்பக் கட்டவில்லை? கேள்வி இதுதான். இரண்டுக்கும் பதில் ஒன்றே என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இன்று நாம் ஒசாகாவில் பார்க்கும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது. அதைச் சுற்றியுள்ள பிரம்மாண்டமான மதில்கள் 1620-களில் தோகுகவா ஆட்சியாளர்கள் எழுப்பியவை. அங்கே முதலில் கோட்டை கட்டிய ஹிதேயோஷியின் மதில்கள் அவற்றுக்கு அடியில் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஹிமேஜியின் பெரிய கோபுரம் 1609-ஐச் சேர்ந்தது. அந்தக் கோட்டையும் பல கைகள் மாறி, பல முறை மாற்றப்பட்டுத்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அசுச்சி அப்படியில்லை. 1576-இல் வேலை தொடங்கியது, 1579-இல் கோபுரம் முடிந்தது, 1582-இல் எரிந்தது, 1585-இல் ஊரே காலியானது. அதற்குப் பிறகு எந்தப் பிரபுவும் அந்த மலையில் வந்து குடியேறவில்லை, இடித்துப் புதுப்பிக்கவும் இல்லை. பத்தே ஆண்டுக்குள் முடிந்துபோன ஒரு காலம் அப்படியே கல்லில் நின்றுவிட்டது. ஜப்பானியக் கோட்டை என்றதும் நம் மனதில் எழும் உருவம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டுமானால், பிற்காலக் கை அதிகம் படாத இடம் இதுதான்.

அசுச்சி, பீவா ஏரியின் கிழக்குக் கரையில், இன்றைய ஷிகா மாகாணத்தில் ஓமிஹச்சிமான் நகரத்துக்குள் இருக்கிறது. மலை என்று சொன்னாலும் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். ஏரியின் நீர்மட்டமே 85 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கீழிருந்து ஏற வேண்டியது 110 மீட்டர் சொச்சம். இன்று மலையைச் சுற்றி நெல்வயலாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் மூன்று பக்கமும் பீவாவோடு சேர்ந்த காயல்நீர். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அதைத் தூர்த்து வயலாக்கினார்கள். வரலாற்றைப் படிக்கும்போது இதை மறந்தால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் கூர்மை புரியாது. தண்ணீருக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையில் ஏழு நிலை மாளிகை நின்றது. ஏரியில் படகில் போகிறவன் எவனும் அதைப் பார்க்காமல் போக முடியாது.

கட்டியவர் ஓடா நொபுநாகா. நூறு ஆண்டுக்கும் மேலாக பிரபுக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த ஜப்பானை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவரக் கிளம்பியவர். அவருடைய முந்தைய கோட்டை கிஃபுவில். தலைநகர் கியோட்டோ அங்கிருந்து தூரம். கியோட்டோவிலேயே உட்கார்ந்தால் அரண்மனை அரசியலும் கோயில்களும் மடங்களும் காலைச் சுற்றிக்கொள்ளும். அசுச்சி இரண்டுக்கும் நடுவில், கியோட்டோவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருந்தது. கிழக்கே போகும் பெருவழியும் அருகில், வடக்கே ஹொகுரிகுப் பக்கமிருந்து உஎசுகிப் பிரபுவின் படையோ பௌத்த மடத்துப் படைகளோ வந்தால் மறிக்கவும் தோது. ஏரியைச் சுற்றி சக்கமோட்டோவை அகேச்சி மிட்சுஹிதேயிடமும், நாகஹாமாவை, பிற்காலத்தில் ஆட்சியைப் பிடித்த தளபதி ஹிதேயோஷியிடமும் கொடுத்திருந்தார். பிறகு ஓமிசோவிலும் ஒரு கோட்டை எழுந்தது. நான்கு முனையிலும் கோட்டை, நடுவில் நீர்வழி. ஏரியே அவருடைய முற்றமாகிவிட்டது.

வேலையை மேற்பார்த்தவர் நிவா நாகாஹிதே என்ற தளபதி. 1576-இன் முதல் மாதத்தில் உத்தரவு போனது, அடுத்த மாதமே நொபுநாகா அங்கே வந்து தங்கிவிட்டார். அவ்வளவு அவசரம். கல்லுக்கு அக்கம்பக்கத்து மலைகளையெல்லாம் குடைந்தார்கள். கன்னோன்ஜி, சோமெய்ஜி மலைகளிலிருந்து கல் இறக்கியதாக, நொபுநாகாவிடம் பணியாற்றி அவர் வரலாற்றை எழுதிய ஓட்டா கியூய்ச்சி குறித்திருக்கிறார். அனோ என்ற ஊரைச் சேர்ந்த கல்தச்சர்கள் இங்கே வேலை செய்ததாகச் சொல்வது வழக்கம். செதுக்காத கல்லை அதன் போக்கிலேயே, சாந்து எதுவும் இல்லாமல், ஒன்றோடொன்று கவ்வும்படி அடுக்குவது இந்த முறை. மதிலின் முகத்தில் பெரிய கல், பின்னால் சரளை. மழைநீர் அந்தச் சரளை வழியாக இறங்கி வெளியேறிவிடும், மண் ஊறி மதிலைத் தள்ளாது. இத்தனை நிலநடுக்கத்தையும் மழையையும் தாங்கி நாலரை நூற்றாண்டாக இந்த மதில்களில் பல நிற்பதற்கு இந்த அடுக்குமுறைதான் காரணம்.

கல்மதிலை நொபுநாகாதான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது மிகை. பக்கத்து மலையிலேயே ரொக்ககு குடும்பத்தின் கன்னோன்ஜி கோட்டையில் அதற்கு முன்பே நல்ல கல்மதில்கள் இருந்தன. நாராவில் மட்சுனாகா ஹிசாஹிதே கட்டிய தாமோன் கோட்டையில் ஓடு வேய்ந்த கட்டடங்களும் கோபுரமும் இருந்தன. அசுச்சியில் நடந்தது வேறு. அதுவரை பெரும்பாலான கோட்டைகள் மண்மேடு, அகழி, மரவேலி, புல்லோ பலகையோ போட்ட கூரை. போர் வந்தால் ஏறிக்கொள்வது, முடிந்தால் இறங்கி வீட்டுக்குப் போவது. ஒரு மலை முழுக்கக் கல்மதில், அதன் மேல் ஓட்டுக்கூரை, எல்லாவற்றுக்கும் மேலே ஆட்சியாளனே குடியிருக்கும் உயர்ந்த தென்ஷு மாளிகை என்று மூன்றையும் இவ்வளவு பெரிய அளவில் ஒன்றாகச் சேர்த்தது இங்கேதான். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஜப்பான் முழுக்க எழுந்த கோட்டைகள் இந்தச் சேர்க்கையைத்தான் பின்பற்றின. அந்தக் காலகட்டத்துக்கே வரலாற்றாசிரியர்கள் அசுச்சி–மொமோயாமா காலம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கல் வேலையைப் பற்றிப் பேசும்போது பாம்புக்கல் என்ற பெரும்பாறையைச் சொல்லாமல் விட முடியாது. அதை மலைமேல் ஏற்றப் பத்தாயிரம் பேர் மூன்று நாள் இரவு பகலாக இழுத்தார்கள் என்று ஓட்டா எழுதுகிறார். கியோட்டோ பக்கத்தில் அப்போது வாழ்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ், கல் ஒரு தரம் வழுக்கிச் சரிந்ததில் 150-க்கும் மேற்பட்டவர்கள் நசுங்கிச் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஓட்டாவின் குறிப்பில் பெருமை தெரிகிறது, ஃப்ரோயிஸின் குறிப்பில் பிணங்கள் தெரிகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் கல் மலையில் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

தென்ஷு மாளிகைக்கு வருவோம். அட்சுதாவைச் சேர்ந்த ஒகாபே மாதாஎமோன் என்பவர் பெருந்தச்சர். கல்மேடைக்குள் ஒரு நிலவறை, அதன் மேல் ஆறு தளம், ஆக ஏழு நிலை. உயரம் 30 மீட்டருக்குச் சற்று மேல் என்று கணக்கிடுகிறார்கள். உள்ளே சுவர்களுக்கு ஓவியம் தீட்டியவர் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஓவியர் கனோ எய்தொகு. உச்சிக்கு முந்திய தளம் எண்கோண வடிவம். வெளியே சிவப்புத் தூண்கள், உள்ளே பொன் பூச்சு, சுவரில் புத்தரும் அவருடைய பத்துச் சீடர்களும். அதற்கும் மேலே உச்சித் தளம் சதுரமான சின்ன அறை. உள்ளும் புறமும் தங்கம், சுவரில் சீனத்தின் பழம்பெரும் அரசர்களும் கன்பூசியஸின் சீடர்களும் மூங்கில்காட்டு ஞானிகளும். கீழே பௌத்தம், மேலே சீன அரசியல் தத்துவம், அதற்கு நடுவில் நொபுநாகா. ‘உலகம் என் காலடியில்’ என்பதை இதைவிடத் தெளிவாகச் சுவரில் எழுத முடியாது என்று தோன்றுகிறது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த கட்டடங்களோடு வைத்துப் பார்க்கத் தகுந்தது என்று ஃப்ரோயிஸ் வியந்து எழுதினார். 

கூரை ஓடு செய்தவர் சீனத்திலிருந்து வந்த இக்கான் என்ற கைவினைஞர் என்கிறது ஓட்டாவின் குறிப்பு. தோண்டியபோது தங்க இலை ஒட்டிய ஓடுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. அசுச்சி ஓடுகளில் அச்சு வேலைப்பாட்டின் பள்ளமான பகுதியில்தான் தங்கம் இருக்கும். ஹிதேயோஷி காலத்து ஓடுகளில் மேடான பகுதியில் இருக்கும். பள்ளத்தில் பூசினால் தங்கம் மழையில் சீக்கிரம் உரியாது, மேட்டில் பூசினால் தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும். கையில் கிடைத்த உடைந்த ஓட்டை வைத்தே அது எந்த ஆட்சியாளரின் கூரையிலிருந்து விழுந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள்.

இந்தக் கோட்டை வாழ்ந்த சில ஆண்டும் அங்கே ஒரே திருவிழாதான். 1578-இல், அசுச்சி இருந்த ஓமி நாட்டிலிருந்தும் கியோட்டோவிலிருந்தும் 1500 மல்லர்களை வரவழைத்து சுமோ நடத்தினார். 1581-இல் முன்னோருக்கு விளக்கேற்றும் ஒபோன் நாளில், ஊரில் யாரும் வீட்டு வாசலில் விளக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தென்ஷுவிலும் மலையிலிருந்த சோகென்ஜி கோயிலிலும் மட்டும் விளக்குகளைத் தொங்கவிட்டார். ஏரியில் படகுகளில் ஆட்கள் தீப்பந்தம் பிடித்தார்கள். ஊரே இருட்டு, மலை மட்டும் வெளிச்சம், தண்ணீரில் அதன் நிழல். தன் கோட்டையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்றே சொல்லலாம்.

1582 புத்தாண்டன்று இன்னும் ஒருபடி மேலே போனார். பிரபுக்களும் வீரர்களும் வந்து கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் ஆளுக்கு 100 மொன் செப்புக்காசு கொண்டுவர வேண்டும். அந்தக் காசை குதிரை லாயத்து வாசலில் நின்று நொபுநாகாவே தன் கையால் வாங்கி முதுகுக்குப் பின்னால் எறிந்தாராம். ஜப்பானில் கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் வாங்கிய முதல் ஆள் இவர்தான் என்று பலரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அதே நாளில் கூட்டம் நெருக்கியடித்ததில் ஒரு மதில் சரிந்து, கல்லும் மனிதருமாக விழுந்து பலர் செத்தார்கள், அடிபட்டவர்களுக்குக் கணக்கில்லை என்பதையும் ஓட்டா அதே இடத்தில் எழுதியிருக்கிறார். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மலைக்குக் கீழே இருந்த ஊர் கோட்டையளவுக்கே முக்கியமானது. 1577-இல் அந்த ஊருக்கு நொபுநாகா 13 விதிகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். அதன் மூலச்சுவடி இன்றும் ஓமிஹச்சிமானில் பாதுகாக்கப்படுகிறது. வணிகக் குழுக்களின் ஏகபோகம் இங்கே செல்லாது, யார் வேண்டுமானாலும் கடை போடலாம். பெருவழியில் போகும் வணிகர்கள் அசுச்சியில் இறங்கித் தங்கித்தான் போக வேண்டும். ஓமியில் குதிரை விற்பதும் வாங்குவதும் இங்கே மட்டும்தான். வேறு ஊரிலிருந்து குடிவந்தவனை முன்பே இருந்தவனுக்குச் சமமாக நடத்த வேண்டும். பெயர் சுதந்திரச் சந்தை என்றாலும், பாதி விதிகள் ஆட்களைப் பிடித்துக் கொண்டுவந்து தன் ஊரில் உட்காரவைப்பதற்காகப் போட்டவை. அதுவும் பலித்தது. சில ஆண்டுகளில் ஏரிக்கரைச் சேற்றில் ஆயிரக்கணக்கானோர் வாழும் நகரம் எழுந்துவிட்டது.

அந்த நகரத்தில் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றும் இருந்தது. 1580-இல் ஓர்கன்டினோ என்ற இத்தாலியப் பாதிரியாருக்கு நொபுநாகா நிலம் கொடுத்தார். அங்கே மூன்று மாடியில் குருமாணவர் பள்ளி எழுந்தது. ஜப்பானியப் பிள்ளைகள் இலத்தீனும் ஐரோப்பிய இசையும் படித்தார்கள். 1581-இல் ஆசியப் பகுதிகளுக்கான இயேசு சபைப் பார்வையாளர் அலெசாந்த்ரோ வாலிஞ்ஞானோ அசுச்சிக்கு வந்தபோது, நொபுநாகா அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார். அசுச்சிக் கோட்டையையும் ஊரையும் உள்ளது உள்ளபடி தீட்டச் சொல்லி கனோ எய்தொகுவிடம் செய்வித்த மடிப்புத் திரை அது. பேரரசரே அதைப் பார்த்து ஆசைப்பட்டும் அவருக்குக்கூடக் கொடுக்காதது.

திரையின் பயணம் தனிக் கதை. 1582 தொடக்கத்தில் நாகசாகியிலிருந்து, இத்தோ மான்சியோ முதலான நான்கு ஜப்பானியச் சிறுவர்களை ஐரோப்பாவுக்குத் தூதுவர்களாக அழைத்துக்கொண்டு வாலிஞ்ஞானோ கிளம்பினார். மக்காவ், மலாக்கா, கொச்சி, கோவா என்று கப்பல் வந்தது. ஆக, நம் பக்கத்துக் கடல் வழியாகத்தான் அசுச்சியின் ஓவியம் மேற்கே போனது. வாலிஞ்ஞானோ கோவாவில் தங்கிவிட, சிறுவர்கள் மேலே பயணப்பட்டு, 1585-இல் ரோமில் போப் பதின்மூன்றாம் கிரகோரியைச் சந்தித்தார்கள். திரை அவர் கைக்குப் போய், வத்திக்கான் அரண்மனையில் வைக்கப்பட்டது. சில வாரங்களில் போப் இறந்துபோனார். பிறகு ஃபிலிப்ஸ் வான் விங்கே என்ற பிளெமிஷ் அறிஞர் அந்தத் திரையைப் பார்த்துச் சில பகுதிகளைக் கோட்டோவியமாக வரைந்துகொண்டார். அதிலிருந்து வந்த அச்சுப்படங்கள்தான் நம்மிடம் மிச்சம். திரை எங்கே போனது என்று தெரியவில்லை. அசுச்சியிலிருந்து ஆட்கள் ரோமுக்கே போய்த் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அது மட்டும் கிடைத்தால் கோட்டையின் தோற்றத்தைப் பற்றிய பாதி வாக்குவாதம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

நொபுநாகா தன்னையே கடவுளாகக் கும்பிடச் சொன்னாரா என்றும் கேட்பார்கள். சோகென்ஜி கோயிலில் ஒரு கல்லை வைத்து, தன் பிறந்தநாளில் அனைவரும் வந்து வணங்க வேண்டும் என்று ஆணையிட்டதாக ஃப்ரோயிஸ் எழுதுகிறார். ஜப்பானியக் குறிப்புகளில் இதற்கு ஆதாரம் இல்லை. ஃப்ரோயிஸ் இதை எழுதியது நொபுநாகா இறந்த பிறகு. ஆணவத்துக்குத் தண்டனை கிடைத்தது என்று காட்டுவது அவர் மதத்துக்கு ஏற்ற முடிவு. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை அப்படியே நம்ப நான் தயாரில்லை.

முடிவு சட்டென்று வந்தது. 1582, ஜப்பானிய நாள்காட்டியின் ஆறாம் மாதம் 2-ஆம் நாள், கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் தங்கியிருந்த நொபுநாகாவை அவருடைய தளபதி அகேச்சி மிட்சுஹிதே வளைத்துத் தாக்கினார். நொபுநாகா அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். செய்தி அசுச்சிக்கு வந்தபோது கோட்டைக் காவலில் இருந்தவர் காமோ கதாஹிதே. பொன்னையெல்லாம் எடுத்துக்கொண்டு கோட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போகலாம் என்று அந்தப்புரத்துப் பெண்கள் சொன்னார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை எரிக்க மனமில்லை என்று மறுத்து, அவர்களை மட்டும் பத்திரமாகத் தன் ஊரான ஹினோவுக்கு அழைத்துப்போனார் கதாஹிதே. இந்த முழு வரலாற்றிலும் கோட்டையைக் கோட்டையாகவே நேசித்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் படும்.

5-ஆம் நாள் மிட்சுஹிதே உள்ளே வந்து செல்வத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டார். 13-ஆம் நாள் யமாசாகிப் போரில் ஹிதேயோஷியிடம் தோற்று அழிந்தார். 15-ஆம் நாள் வாக்கில் தென்ஷு எரிந்தது. யார் கொளுத்தியது? மிட்சுஹிதேயின் தளபதி ஹிதேமிட்சு போகும்போது தீ வைத்தார் என்பது ஒரு பேச்சு. ஆனால் அவர் அதற்கு முந்திய நாளே சக்கமோட்டோவுக்குக் கிளம்பிவிட்டார். நொபுநாகாவின் இரண்டாவது மகன் நொபுகாட்சு அறிவில்லாமல் கொளுத்தினார் என்பது ஃப்ரோயிஸின் கூற்று. கொள்ளையர் வேலையாக இருக்கலாம், ஊரில் பிடித்த தீ பரவியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். தோண்டிப் பார்த்ததில் தெரிந்த ஒன்று: தீயின் தடம் தென்ஷுவையும் அதையொட்டிய மேல்பகுதியையும் சுற்றித்தான் இருக்கிறது, மலை முழுக்க இல்லை. கீழேயிருந்து பரவிய தீ என்ற கதைக்கு இது இடிக்கிறது.

கோட்டை அன்றோடு முடியவும் இல்லை. நொபுநாகாவின் பேரன், குழந்தை சம்போஷி, கொஞ்ச காலம் அங்கே வைக்கப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டே ஹிதேயோஷி மலைமேல் நொபுநாகாவுக்கு நினைவிடம் எழுப்பினார், அது இன்றும் இருக்கிறது. 1585-இல் ஹிதேயோஷியின் அக்காள் மகன் ஹிதெசுகு சில கிலோமீட்டர் தள்ளி ஹச்சிமான் மலையில் புதுக் கோட்டை கட்டி, அசுச்சி ஊர் மக்களையும் வணிகர்களையும் அங்கே குடிமாற்றினார். அதுதான் ஓமிஹச்சிமான் நகரின் தொடக்கம். பிற்காலத்தில் நாடெங்கும் கிளை பரப்பிய ஓமி வணிகர்களில் பலர் அந்த ஊரிலிருந்து கிளம்பியவர்கள். அசுச்சி ஊரின் வியாபாரம் அழியவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

மலை மட்டும் சோகென்ஜி கோயிலின் பொறுப்பில் காடாகிப்போனது. 1854-இல் கோயிலின் பிரதான மண்டபம் தீயில் போயிற்று. தப்பியவை இரண்டு: 1454-இல் கட்டிய மூன்றடுக்குப் பகோடாவும், 1571-ஐச் சேர்ந்த காவல்தெய்வ வாயிலும். கோட்டையைவிட இரண்டும் வயதில் மூத்தவை. நொபுநாகா இவற்றைக் கோகா பக்கத்துக் கோயில்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார். நொபுநாகா கண்ணால் பார்த்த கட்டடம் என்று இந்த மலையில் கைதொட்டுச் சொல்லக்கூடியவை இவை மட்டுமே.

1940-இல் தென்ஷு மேடையில் மண்ணை அகற்றியபோது, தூண்களைத் தாங்கிய அடிக்கல்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. நட்டநடுவில் இருக்க வேண்டிய கல் மட்டும் இல்லை, அந்த இடத்தில் ஒரு குழி. இந்தக் குழிதான் பெரிய சண்டைக்கு வித்து. 1970-களில் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நாய்தோ அகிரா, பழைய தச்சர் குடும்பமொன்றின் வழிவந்த வரைபடத்தை அசுச்சித் தென்ஷுவின் வரைபடம் என்று வாதிட்டார். அதன்படி நடுவில் நாலு தளத்துக்குத் திறந்த வெளி, அதன் அடியில் பௌத்தச் சின்னமான ஒரு சிறு கோபுரம், குழி அதற்கானது. மியாகாமி ஷிகேதாகா போன்றவர்கள் இதை முற்றாக மறுத்தார்கள். அந்த வரைபடம் பிற்காலத்தவர் ஓட்டாவின் விவரிப்பைப் படித்துக் கற்பனையாக வரைந்தது, உள்ளே திறந்த வெளியெல்லாம் கிடையாது என்பது அவர்கள் வாதம். 1992-இல் செவில்லி உலகக் கண்காட்சியின் ஜப்பான் அரங்குக்காக மேல் இரண்டு தளங்களை உண்மையான அளவில் செய்தார்கள். அது நாய்தோவின் கணிப்புப்படி செய்தது. இப்போது மலைக்கு அருகிலுள்ள காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அழகானதுதான். ஆனால் அதைப் பார்த்து ‘இப்படித்தான் இருந்தது’ என்று முடிவு கட்டக் கூடாது.

1989 முதல் இருபது ஆண்டு ஷிகா மாகாணம் நடத்திய ஆய்வு பல எண்ணங்களைப் புரட்டிப்போட்டது. தெற்கு அடிவாரத்திலிருந்து 6 மீட்டர் அகலத்தில் ஏறும் பிரதான வழி, சுமார் 180 மீட்டர் நேர்க்கோடாகப் போவது அப்போதுதான் தெரிந்தது. எதிரி ஏற முடியாதபடி வளைத்து வளைத்துப் பாதை போடுவது கோட்டைக்கு அடிப்படைப் பாடம். நொபுநாகா ஏன் நேராகப் போட்டார்? மேலே, தென்ஷுவுக்குக் கீழே இருந்த அரண்மனையின் அடிக்கல் அமைப்பு, கியோட்டோவில் பேரரசரின் செய்ரியோதென் மாளிகையை ஒத்திருக்கிறது என்றார்கள் தோண்டியவர்கள். பேரரசருக்கான அறை ஒன்று இருந்ததாக ஓட்டாவும் எழுதியிருக்கிறார். ஆக, பேரரசர் பல்லக்கில் ஊர்வலமாக ஏறிவரப் போட்ட ராஜபாட்டை இது என்பது அவர்கள் முடிவு. அரண்மனை ஒப்புமையை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் இந்த வழி சண்டைக்காகப் போட்டதல்ல, காட்சிக்காகப் போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேரரசர் கடைசிவரை வரவேயில்லை.

அந்தப் படிகளில் ஏறும்போது சில இடங்களில் கல் புத்தர்கள் படியோடு படியாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். 1571-இல் ஹியேய் மலையின் பௌத்தக் கோயில்களை எரித்தவர் நொபுநாகா என்பதால், வேண்டுமென்றே புத்தரை மிதிக்க வைத்தார் என்று சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. ஃபுகுச்சியாமா, யமாதோ–கோரியாமா கோட்டைகளிலும் கல்லறைக் கற்களையும் ஜிசோ என்ற பௌத்தக் காவலரின் சிலைகளையும் மதிலில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அவசரத்தில் கிடைத்த கல்லையெல்லாம் போட்டார்கள். இரக்கமின்மை உண்டு, ஆனால் அது தத்துவம் அல்ல, வேலை வேகம்.

சரி, ஏன் திரும்பக் கட்டவில்லை? 1952 முதல் இது சிறப்பு வரலாற்றுத் தலம், சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் அசலின் வடிவத்துக்கு உறுதியான ஆதாரம் காட்ட வேண்டும். நம்மிடம் புகைப்படம் இல்லை, எய்தொகுவின் மடிப்புத் திரை இல்லை, எல்லோரும் ஏற்ற வரைபடம் இல்லை. இருப்பவை ஓட்டாவின் விவரிப்பும் ஃப்ரோயிஸின் வியப்பும் அடிக்கல்களும். அவற்றை வைத்து ஆளுக்கொரு அசுச்சி வரைந்திருக்கிறார்கள், எண்கோணத் தளம் எப்படி உட்காருகிறது என்பதில்கூட ஒற்றுமை இல்லை. அதோடு மேடையின் மேல்பகுதி சரிந்துவிட்டது, இன்று தெரிவதைவிட அசல் பெரியது. புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட அதே அடிக்கல்களைத்தான் குலைக்க வேண்டும். ஒரு யூகத்தைக் கட்ட, இருக்கும் ஒரே சாட்சியை அழிப்பதா? மாகாண அரசு சில ஆண்டுகளுக்கு முன் கோட்டையை மக்கள் ‘காணும்படி’ செய்ய வேண்டும் என்று யோசித்தபோது, கடைசியில் மலையில் கட்டாமல் கணினித் தொழில்நுட்பத்தால் திரையில் காட்டும் வழியையே எடுத்தது. சரியான முடிவு என்றே சொல்வேன். திரையில் தப்பாகக் காட்டினால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

திருத்த வேண்டியவை வந்துகொண்டும் இருக்கின்றன. இதுவரை தோண்டியது மலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். 2023-இல் தென்ஷு மேடையைச் சுற்றி மறுபடி அகழ்வு தொடங்கியது. மேடையின் கற்கள் தானாகச் சரிந்தவை மட்டுமல்ல, ஆட்கள் வேண்டுமென்றே பெயர்த்ததற்கான தடயமும் இருக்கிறது என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள். ஆட்சி ஓடா குடும்பத்திடமிருந்து கைமாறிவிட்டது என்று ஊருக்குக் காட்ட ஹிதேயோஷி காலத்தில் செய்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நாலரை நூற்றாண்டாக ‘எரிந்த கோட்டை’ என்று சொல்லிவந்தது இப்போது ‘எரிந்து, பிறகு இடிக்கப்பட்ட கோட்டை’ ஆகிறது. மேலே கான்கிரீட் கோபுரம் நின்றிருந்தால் இந்தத் தடயம் கிடைத்திருக்குமா?

போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கியோட்டோவிலிருந்து ரயிலில் அசுச்சி நிலையம், அங்கிருந்து சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம், நடந்தால் அரை மணிக்குள். படிகள் 400 வாக்கில், உயரம் ஒரே சீராக இருக்காது, மழை நாளில் வழுக்கும், நல்ல செருப்பு கட்டாயம். ஏறும்போது பிரதான வழியில் ஏறி, இறங்கும்போது மேற்கே சோகென்ஜியின் பழைய இடம், பகோடா, வாயில் வழியாக இறங்குங்கள். கோயிலின் பழைய இடத்தில் நின்றால் காயலில் மிஞ்சிய துண்டு கண்ணுக்குப் படும். அப்புறம் காட்சிக்கூடத்துக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். பொன் பூசிய ஓடுகளை அங்கே பார்க்கலாம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஓமிஹச்சிமான் கால்வாய்க் கரையில் நடந்துவிட்டு வாருங்கள், அசுச்சியின் ஊர் அங்கேதான் போயிற்று.